மேப்பிள் இலை விடுமுன்: ஒன்ராறியோக் காட்டுப்பூக்களைப் பார்த்து வரைவது

ஏப்ரல் கடைசியில் ஸ்காபரோவின் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவுக்குள் போனால் மேலே மொட்டை மரங்கள், கீழே போன வருடச் சருகு. ஒன்றுமே இல்லை என்று திரும்பி வருபவர்கள்தான் அதிகம். தெற்கு ஒன்ராறியோக் காட்டின் மிக நல்ல பூக்கள் அந்தச் சருகுக்குள்தான் அப்போது இருக்கின்றன. சுகர் மேப்பிளும் பீச்சும் இலை விட்டு வெயிலை மறைப்பதற்கு முன், கிடைக்கிற சில கிழமைக்குள் இந்தச் செடிகள் முளைத்துப் பூத்துக் காய்த்து, அடுத்த வருடத்துக்கான உணவையும் கிழங்கில் சேர்த்துவிட வேண்டும். ஜூன் நடுவில் அதே இடத்துக்குப் போனால் பல செடிகளுக்கு இலைகூட மிஞ்சியிராது.

இந்தப் பூக்களைக் காட்டவென்றே பூங்காக்களும் இயற்கை ஆர்வலர் சங்கங்களும் வழிகாட்டியோடு நடைகள் வைக்கின்றன. வரைகொப்பியோடு அதில் சேர்ந்துகொள்வது நல்ல யோசனை. ஆனால் அந்த நடை வரைபவர்களுக்காக வைக்கப்பட்டதல்ல. ஒரு பூவுக்கு முன்னால் மூன்று நிமிடம், மிஞ்சினால் ஐந்து நிமிடம் நிற்பார்கள், பிறகு கூட்டம் நகர்ந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தில் அழகான படம் போட முயல்பவர்களுக்கு அரைகுறை இதழ் இரண்டும் எரிச்சலும்தான் மிச்சம். அழகை வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம். காட்டில் செய்யவேண்டிய வேலை எண்ணுவது.

பென்சிலைக் கொப்பியில் வைக்குமுன் ஒரு எண் வரி எழுதுங்கள். வெள்ளை ட்ரில்லியத்துக்கு அது 3-3-3-6-3. இலை மூன்று, பச்சைப் புல்லியிதழ் மூன்று, வெள்ளை அல்லியிதழ் மூன்று, மகரந்தத்தாள் ஆறு, சூலகமுடி மூன்று. ஸ்ப்ரிங் பியூட்டிக்கு 2-2-5-5-3. ட்ரவுட் லில்லிக்கு 2-6-6-3, ஏனென்றால் அதில் புல்லியும் அல்லியும் ஒரே மாதிரி மஞ்சள், சேர்த்து ஆறு. இந்த வரி கையில் இருந்தால் கோடு எவ்வளவு கோணலாகப் போனாலும் படம் பிழைக்காது. இல்லாமல் வரைந்தால் கை தன்பாட்டில் எல்லாப் பூவுக்கும் ஐந்து இதழ் போட்டுவிடும். புதிதாக வரைபவர்களின் கொப்பிகளில் நாலு இதழ் ட்ரில்லியமும் ஐந்து இதழ் லில்லியும் வருவது இப்படித்தான்.

எண்ணி முடிந்ததும் முதல் அரை நிமிடம் தண்டுக்கு மட்டும். பென்சிலைக் கண்ணுக்கு நேரே நிமிர்த்திப் பிடித்து, தண்டு எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று பார்த்து ஒரே கோடு. தண்டின் நுனியில் பூ பார்க்கிற திசைக்கு ஒரு சிறு அம்புக்குறி. பிறகு பூவின் வாய்க்கு ஒரு நீள்வட்டம். மேலிருந்து நேராகப் பார்த்தால்தான் பூ வட்டமாகத் தெரியும், பக்கத்திலிருந்து பார்த்தால் அது ஒடுங்கிய நீள்வட்டம். இதழ்களை அந்த நீள்வட்டத்துக்குள் அடக்கினால் நமக்கு நேரே நீட்டியிருக்கும் இதழ் தானாகவே குட்டையாக வரும். எல்லா இதழையும் ஒரே நீளத்தில் போட்டுவிட்டு, படம் ஏன் தட்டையாக இருக்கிறது என்று யோசிப்பவர்கள் இந்த நீள்வட்டத்தை விட்டவர்கள்.

மிச்ச நேரம் அளவுக்கும் குறிப்புக்கும். 15 செ.மீ. அடிமட்டத்தைச் செடிக்குப் பக்கத்தில் பிடித்து உயரம், இலை நீளம், பூவின் அகலம் எழுதுங்கள். மேலே தேதி, நேரம், வெப்பநிலை, வெயிலா முகிலா. கீழே சரிவு எந்தத் திசை பார்க்கிறது, பக்கத்தில் என்ன மரம், ஈரமா காய்ந்த இடமா. நேரத்தையும் வானிலையையும் எழுதச் சொல்வது சும்மா இல்லை. இந்தப் பூக்களில் பல முகிலிலும் குளிரிலும் மூடிக்கொள்ளும். காலை ஒன்பது மணி நடையில் ட்ரவுட் லில்லி வாயைத் திறந்திராது. நல்ல வெயிலில் மதியத்துக்குள் அதன் ஆறு இதழும் பின்னோக்கி வளைந்துவிடும். நேரம் எழுதாவிட்டால் உங்கள் கொப்பியில் இரண்டு வேறு பூக்கள் இருப்பதாகப் பிறகு நீங்களே நம்புவீர்கள்.

கையில் என்ன கொண்டுபோகலாம்? குறைவாக. ஏ5 அளவுக் கொப்பி, கடின அட்டை, தாள் 200 ஜி.எஸ்.எம். கனத்தில் இருந்தால் மெல்லிய வர்ணத்தையும் தாங்கும். 0.5 மெக்கானிக்கல் பென்சில், 2பி முனை. கூர் சீவத் தேவையில்லை, சீவல் காட்டில் விழவும் தேவையில்லை. பிசையக்கூடிய அழிறப்பர். தண்ணீரில் கரையாத மை உள்ள 0.1 பேனா ஒன்று. 10 மடங்கு உருப்பெருக்கி. கொப்பியின் பக்கம் காற்றில் அடிக்காமல் இரண்டு கிளிப். முழங்காலுக்கு ஒரு ஃபோம் துண்டு, ஏனென்றால் ஏப்ரல் மண் ஈரம். இவற்றோடு ஒரு சின்னக் கைக்கண்ணாடி. ட்ரவுட் லில்லி தலைகுனிந்து நிற்கும் பூ, செடியே ஒரு சாண் உயரம்தான். கையால் பூவை நிமிர்த்தினால் காம்பு முறியும். கண்ணாடியைப் பூவுக்குக் கீழே நீட்டினால் ஆறு மகரந்தப்பையும் நடுவில் சூலகமுடியும் அதில் தெரியும். மகரந்தப்பை சில செடிகளில் மஞ்சள், சிலவற்றில் துருச் சிவப்பு. அதையும் குறித்துக்கொள்ளுங்கள், புகைப்படத்தில் அநேகமாகத் தப்பிவிடும்.

நீர்வர்ணப் பெட்டியை நடைக்குக் கொண்டுபோவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. எட்டு பாகைக் குளிரில், ஈரக் காற்றில், ஒரு மெல்லிய பூச்சு காய எடுக்கிற நேரத்தில் கூட்டம் அடுத்த வளைவைத் தாண்டியிருக்கும். காயாத கொப்பியை மூடினால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். வண்ணப் பென்சில் நாலைந்து வைத்திருந்து பக்க ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக நிறமாதிரி தீட்டிக்கொள்வது போதும். ‘இலை அடியில் சாம்பல் பச்சை, நரம்பில் செம்மஞ்சள்’ என்று எழுத்தில் எழுதினாலும் போதும். புகைப்படமும் எடுங்கள், ஆனால் மூன்று கோணத்தில்: பூவின் மட்டத்திலிருந்து பக்கவாட்டில் ஒன்று, பின்பக்கம் ஒன்று, இலை தண்டோடு சேரும் இடம் ஒன்று. எல்லோரும் எடுக்கிற மேலிருந்து எடுத்த படம் வரைவதற்கு உதவாது.

இனிப் பூக்களுக்கு வருவோம். வருகிற வரிசையில் சொல்கிறேன். குளிர் நீடித்தால் எல்லாமே ஒரு கிழமை தள்ளிப்போகும், வரிசை பெரிதாக மாறாது.

முதலில் ஹெபாட்டிகா. வெள்ளையிலிருந்து ஊதா வரை நிறம். போன வருட இலைகள் பனிக்கு அடியிலேயே கிடந்து, செம்பழுப்பாகி, இன்னும் தரையோடு ஒட்டியிருக்கும். புது இலை பூவுக்குப் பிறகுதான் வரும். ஆகவே பச்சை இலையோடு பூவை வரைந்தால் அது காட்டில் இல்லாத செடி. இலை மூன்று மடல், மடலின் நுனி கூரானால் ஒரு வகை, உருண்டையானால் இன்னொரு வகை. இதழ் என்று நாம் நினைப்பவை உண்மையில் புல்லியிதழ்கள். அவற்றுக்குக் கீழே புல்லி மாதிரித் தெரியும் மூன்று பச்சைத் துண்டுகள் பூவடிச் செதில்கள். காம்பில் மென்மயிர் அடர்த்தி. வெயிலுக்கு எதிராகப் பார்த்தால் மயிர் வெள்ளிக் கோடாகத் தெரியும். அதைக் கோடு கோடாகப் போடாமல், காம்பின் ஓரத்தைத் தாளின் வெள்ளையாக விட்டு வெளியே நிழல் போட்டால் சரியாக வரும்.

பிளட்ரூட்டைக் கண்டால் மற்றதை விட்டுவிட்டு அதை முதலில் வரையுங்கள். ஒரு பூ இரண்டு மூன்று நாள்தான், காற்று அடித்தால் அதுவும் இல்லை. பெரும்பாலும் எட்டு இதழ், அதில் நாலு சற்று நீளம், அதனால் பூ வட்டமாக இல்லாமல் கொஞ்சம் சதுரமாகத் தெரியும். பூ விரியும்போதே இரண்டு புல்லியும் உதிர்ந்துவிடும், பூவுக்கடியில் பச்சை தேடவேண்டாம். இந்தச் செடியின் உயிர் அதன் இலையில். ஒரே ஒரு இலை, பூக்காம்பைச் சால்வை சுற்றியதுபோலச் சுற்றி நிற்கும். வரையும்போது முன்னால் வருகிற இலை விளிம்பை அழுத்தமான கோடாகவும், பின்னால் போகிற விளிம்பை மெல்லிய கோடாகவும் போட்டால் சுற்று புரியும். கிழங்கைக் கீறினால் செம்மஞ்சள் பால் வரும் என்று வழிகாட்டி சொல்வார். கீறிப் பார்க்கவேண்டாம், தோலைப் புண்ணாக்கும் பால் அது. ஊரில் பிரம்மதண்டைக் கிள்ளினால் மஞ்சள் பால் வருமே, இரண்டும் ஒரே பொப்பிக் குடும்பம், இரண்டிலும் உள்ள நச்சுப் பொருளும் ஒன்றே, சாங்குவினரின்.

ஸ்ப்ரிங் பியூட்டி சிறியது, பூ ஒன்றரை செ.மீ.க்கு மேல் போகாது. உள்ள அளவில் வரைந்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு மடங்காக வரைந்து பக்கத்தில் ‘×2’ என்று எழுதிவிடுங்கள். வெள்ளை இதழில் ஓடும் இளஞ்சிவப்புக் கோடுகள் தேனீக்களுக்கு வழிகாட்டி, நுனியிலிருந்து உள்ளே ஒருங்குகின்றன. உருப்பெருக்கியால் பத்துப் பூவைப் பாருங்கள். சிலவற்றில் மகரந்தத்தாள் நடுவில் நிமிர்ந்து நிற்கும், சூலகமுடி மூடியிருக்கும். அது முதல் நாள் பூ, மகரந்தம் கொடுக்கும் கட்டம். வேறு சிலவற்றில் தாள்கள் இதழ்மேல் சாய்ந்து, சூலகமுடி மூன்றாகப் பிரிந்திருக்கும். அது அடுத்த கட்டம், மகரந்தம் வாங்குவது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தால் அந்தப் பக்கம் ஒன்றே போதும், நடைக்கு வந்ததன் பயன் கிடைத்துவிட்டது.

ட்ரவுட் லில்லியின் இலையில் பழுப்புத் திட்டுகள். பெரிய கூட்டமாக நிற்கும், ஆனால் பூ அங்கொன்று இங்கொன்றுதான். ஒற்றை இலைச் செடி பூக்காது, இரண்டு இலை விட்டதுதான் பூக்கும், அந்த நிலைக்கு வரப் பல வருடம் ஆகும். கொப்பியில் ஒற்றை இலையில் பூ முளைத்திருந்தால் அது வரைந்தவர் பூக்கவைத்தது. இலைக்கு வர்ணம் போடும்போது முதலில் வெளிறிய சாம்பல் பச்சையை முழுவதும் பூசி, நன்றாகக் காயவிட்டு, பிறகு பழுப்பு ஊதாத் திட்டுகளை இலை நீளத்துக்குப் போடுங்கள். காயுமுன் போட்டால் எல்லாம் ஓடிச் சேறாகும். பின்னோக்கி வளைந்த இதழ்களுக்கு, செங்காந்தளை வரைந்த கை இருந்தால் சுலபம். அதிலும் ஆறு இதழ், அதிலும் பூ குனிந்து இதழ் மேல்நோக்கித் திரும்பும்.

டச்மன்ஸ் பிரீச்சஸ் என்பது தலைகீழாகக் கொடியில் காயப்போட்ட காற்சட்டை வடிவப் பூ. அதன் இலை நூல் நூலாகப் பிரிந்தது. ஒவ்வொரு நூலையும் வரைய இறங்கியவர்கள் நடை முடியும்வரை அங்கேயே இருக்கவேண்டியதுதான். இலையின் வெளிக்கோட்டை முக்கோணமாகப் போட்டு, மூன்று பெரும் பிரிவைக் காட்டி, ஒரு மூலையை மட்டும் முழுதாக வரையுங்கள். கண் மிச்சத்தை நிரப்பிக்கொள்ளும். பூங்கொத்தில் அடிப்பூ முதலில் விரியும், நுனியில் மொட்டு, ஆகவே அளவு நுனியை நோக்கிச் சிறுக்கவேண்டும். காற்சட்டையின் கால்களாக மேலே நீட்டியிருக்கும் இரண்டு கூரும் ‘வி’ எழுத்தாக விரிந்திருந்தால் இது. கூர் குட்டையாக உருண்டு, பூ இதய வடிவில், வாசனையோடு இருந்தால் ஸ்க்விரல் கோர்ன். இலையை மட்டும் வைத்துப் பிரித்தறிவது பெரும்பாலும் நடக்காது. கூரின் நுனியில் சிறு ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். நீண்ட நாக்குள்ள பம்பிள் தேனீ ராணிகள் வாய்வழியாக மது எடுக்கும். நாக்கு எட்டாதவை கூரைக் கடித்து ஓட்டைபோட்டு எடுத்துக்கொண்டு போகும்.

மே தொடங்கியதும் ட்ரில்லியம். 1937 முதல் ஒன்ராறியோவின் மாகாணப் பூ. சாரதி அனுமதிப்பத்திரங்களிலும் அரசுக் கடிதத் தலைப்புகளிலும் அதைப் பார்த்துப் பழகிய கண் நிஜப் பூவையும் அந்தச் சின்னத்தின் வடிவில் வரைய முயலும், அதுதான் சிக்கல். முருகன் யந்திரத்தின் அறுகோணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முக்கோணத்தின் முனைகளில் வெள்ளை இதழ், தலைகீழ் முக்கோணத்தின் முனைகளில் பச்சைப் புல்லி. இதழ் இடைவெளிகளில் புல்லி எட்டிப் பார்க்கவேண்டும், அது இதழுக்கு அடியில் ஒளிந்துவிட்டால் அமைப்பு பிழை. பூ நேராக இலைமேல் உட்காராது, சில செ.மீ. காம்பில் நிற்கும், பெரும்பாலும் ஒரு பக்கம் சாயும். இலை நரம்பிலும் பலர் வழுக்குகிறார்கள். ஒருவித்திலைத் தாவரம்தானே என்று நெல்லிலை மாதிரி நேர்கோடு போடுவார்கள். ட்ரில்லிய இலையில் சில வளைந்த பெருநரம்பும் அவற்றுக்கிடையே வலைப்பின்னலும் இருக்கும்.

வெள்ளைப் பூவை வெள்ளைத் தாளில் எப்படிக் காட்டுவது? பூவைச் சுற்றிக் கறுப்புக் கோடு போடுவதுதான் எல்லோரும் செய்வது, பூ வெட்டி ஒட்டியதாகிவிடும். பூவைத் தொடாமல் அதன் பின்னாலிருக்கும் சருகு நிழலைத் தீட்டுங்கள். அல்ட்ராமரீன் நீலமும் பேர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் நல்ல இருட்டுச் சாம்பல் வரும். இதழுக்குள் நிழலுக்கு அதே கலவையில் நிறையத் தண்ணீர், நரம்பு குழியும் இடத்திலும் பூவின் தொண்டையிலும் மட்டும். மூப்படைந்த இதழ் இளஞ்சிவப்பாகும், அது வேறு இனமல்ல. இதழில் பச்சைக் கோடு ஓடினால் அபூர்வ வகை என்று மகிழவேண்டாம், ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர்த் தொற்று அது. ஆனாலும் வரைந்து தேதி போடுங்கள். கருஞ்சிவப்பு ட்ரில்லியத்தின் கிட்டே மூக்கைக் கொண்டுபோனால் அழுகல் நாற்றம், ஈக்களை அழைப்பதற்கு.

ட்ரில்லியத்தைப் பறிப்பது மாகாணம் முழுக்கக் குற்றம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படிப் பொதுச்சட்டம் இல்லை. மாகாண, தேசியப் பூங்காக்களுக்குள் எந்தச் செடியையும் பறிக்கக்கூடாது என்பதுதான் சட்டம். சட்டத்தைவிடப் பெரிய காரணம் செடியிலேயே இருக்கிறது. பூவுக்குச் சற்றுக் கீழேதான் அதன் மூன்று இலையும். பூவைப் பறிக்கும்போது இலையும் போய், கிழங்குக்கு அந்த வருடச் சாப்பாடே கிடைக்காமல் போகும். விதையிலிருந்து பூவுக்கு வர ஏழு வருடமோ கூடவோ எடுக்கும் செடி. இங்கே சொன்ன பூக்களில் பெரும்பாலானவற்றின் விதையில் ஒரு கொழுப்புத் துண்டு ஒட்டியிருக்கும், அதற்காக எறும்புகள் தூக்கிப்போய்ப் புதைக்கும். எறும்பு நடக்கிற தூரம்தான் இவை பரவும் தூரம். அதனால்தான் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன, ஒருமுறை உழுத நிலத்துக்கு இலேசில் திரும்புவதில்லை. நல்ல கோணத்துக்காகப் பாதையை விட்டு நாலடி உள்ளே போகாதீர்கள். சருகுக்கடியில் இன்னும் வெளிவராத முளைகள் மிதிபடும். பாதை ஓரத்துப் பூவையே வரையுங்கள். கூட்டத்தின் முன்வரிசையில் நின்றால் வழிகாட்டி பேசும்போதே எண்ணி முடிக்கலாம்.

வைல்ட் ஜிஞ்சரின் பூவைப் பார்க்காமலே தாண்டிவிடுவார்கள். இதய வடிவில், மயிர் படர்ந்த இரண்டு இலைக்கு அடியில், மண்ணோடு மண்ணாக ஒரு கருஞ்சிவப்புக் கிண்ணம், மூன்று முனை. இங்கேயும் கைக்கண்ணாடி உதவும். வேரில் இஞ்சி வாசம் உண்டு, ஆனால் இஞ்சிக் குடும்பம் இல்லை, ஆடுதின்னாப்பாளையின் குடும்பம். சிறுநீரகத்தைக் கெடுக்கும் அமிலம் இதிலும் இருப்பதால் வாயில் வைக்கக்கூடாது. மே நடுவில் ஜாக்-இன்-த-பல்பிட் வரும், நம் சேம்பின் இனத்தான். பாளை மடங்கிக் கூரையாக நிற்க, உள்ளே ஒரு தண்டு. சேப்பங்கிழங்கு அரிப்பதும் இது அரிப்பதும் ஒரே ஒக்சலேட் ஊசிகளால். சிறிய செடி ஆண், கிழங்கு பெருத்ததும் பெண், ஒரு மோசமான வருடத்துக்குப் பிறகு மறுபடி ஆணாகவும் மாறலாம். ஆண் பாளையின் அடியில் பூச்சி வெளியேற ஒரு சிறு துவாரம், பெண்ணில் அது இல்லை. பாளையைப் பிரிக்காமல் அடியைச் சுற்றிப் பார்த்தாலே தெரியும்.

ஓடைக்கரையில் மஞ்சள் கம்பளமாகப் படர்ந்திருப்பதை மார்ஷ் மேரிகோல்ட் என்று எழுதுமுன் பூவைப் பின்புறம் பாருங்கள். பச்சைப் புல்லி மூன்று இருந்து, இதழ் ஒடுங்கி ஏழுக்கு மேல் இருந்தால் அது ஐரோப்பாவிலிருந்து வந்து மற்றதையெல்லாம் நெருக்கித் தள்ளும் லெஸர் செலண்டைன். வழிகாட்டியிடம் இடத்தைச் சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த அன்றிரவே பென்சில் கோட்டின்மேல் மை போட்டு, குறிப்பைப் பார்த்து வர்ணம் தீட்டிவிடுவது நல்லது. ‘சாம்பல் பச்சை’ என்று எழுதியது எந்தச் சாம்பல் என்பது இரண்டு நாளில் மறந்துபோகும். இளவேனில் இலைப் பச்சைக்குக் குழாயிலிருந்து வருகிற பச்சை பொருந்தாது. லெமன் மஞ்சளில் துளி அல்ட்ராமரீன் சேர்த்து, இலை விளிம்பில் சிவப்பு ஓடினால் ரோஸ் ஒரு துளி.

ஆனால் அதற்கும் முன் உண்ணி பாருங்கள். ரூஜ் பகுதியில் லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி இருக்கிறது, வெப்பம் நாலு பாகையைத் தாண்டினாலே நடமாடும், முழங்காலில் நின்று வரைபவருக்கு ஆபத்து நடப்பவரைவிடக் கூட. காற்சட்டை நுனியைச் சொக்ஸுக்குள் விட்டு, வெளிர் நிற உடுப்புப் போட்டுப் போங்கள். வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, கக்கம், தலைமயிர் அடி எல்லாம் தடவிப் பாருங்கள். கடித்திருந்தால் கூர்முனைச் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள், முறுக்கவேண்டாம், எண்ணெயோ நெருப்போ வைக்கவேண்டாம். தேதியைக் குறித்துவைத்து மருந்தாளரிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள். உடுப்பை நேரே உலர்த்தியில் போட்டுச் சூட்டில் ஓடவிட்டால் அதில் ஒட்டி வந்தவை செத்துவிடும்.